வாக்கில்லாதவற்றின் வட்டாரம்

2025 மார்ச் 15, சனிக்கிழமை காலை எட்டு மணி. இலங்கை முழுவதும் சனங்கள் தங்கள் வளவுகளிலும் வயல்களிலும் ஐந்து நிமிடம் நின்று குரங்கு, மந்தி, மரஅணில், மயில் ஆகியவற்றை எண்ணினார்கள். பயிரை அழிக்கும் விலங்குகளின் தொகையை அறிய விவசாய அமைச்சு செய்த ஏற்பாடு அது. எட்டு மணி ஐந்து நிமிடத்துக்குக் கணக்கு முடிந்தது. மயில்கள் மட்டும் 40 இலட்சத்துக்கு மேல் என்று பிறகு முடிவு வந்தது. அந்த ஐந்து நிமிடத்தில் ஒரே மயில் எத்தனை வளவுக்குப் பறந்து எத்தனை தரம் எண்ணப்பட்டதோ, அது மயிலுக்குத்தான் வெளிச்சம்.

ஏழு கிழமை கழித்து, மே 6ஆம் திகதி, அதே வளவுக்காரர்கள் இன்னொரு கணக்கெடுப்புக்குப் போனார்கள். உள்ளூராட்சித் தேர்தல். இந்தத் தரம் மனிதத் தலைகள் மட்டுமே எண்ணப்பட்டன.

கிளிநொச்சி மாவட்டத்தின் ஸ்கந்தபுரத்தில் இந்த இரண்டு கணக்குகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சங்கடமாக இருக்கும். முருகன் பெயரில் ஊர். அவருடைய வாகனம் உழுந்துச் செடிக்குள்ளும் கச்சான் பாத்திக்குள்ளும் இறங்கினால், காலையில் கோயிலில் கும்பிட்ட அதே கை கல்லெடுக்கிறது. இதில் கபடம் ஒன்றும் இல்லை. ஒரு போகம் போனால் கடன் ஏறும், கடன் ஏறினால் பிள்ளையின் படிப்பு நிற்கும். ஆனால் அந்தக் கல்லுக்கும் கும்பிடுக்கும் இடையில் பழைய கேள்வி ஒன்று கிடக்கிறது. மனிதர் மட்டும் வாக்களித்துத் தெரிவு செய்யும் சபைக்கு, வாக்கில்லாதவற்றிடம் கடன் ஏதும் உண்டா? மயில், குளம், காட்டு மரம், கிணற்றடி நீர், இன்னும் பிறக்காத பிள்ளை – இவை எந்த வட்டாரத்தின் வாக்காளர் இடாப்பிலும் இல்லை. ஆனால் சபை எடுக்கும் முடிவுகளின் சுமையை நெடுங்காலம் தாங்கப்போகிறவை இவைதான்.

ஏ9 வீதியில் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு மேற்கே திரும்பினால் அக்கராயன், அதை அடுத்து ஸ்கந்தபுரம். அக்கராயன் குளத்தை அண்டிய குடியேற்றப் பகுதி. 1996இல் கிளிநொச்சி நகரம் இராணுவத்திடம் வீழ்ந்தபோது இடம்பெயர்ந்த பெருந்தொகையான சனம் அக்கராயனிலும் ஸ்கந்தபுரத்திலும் மல்லாவியிலும் மர நிழல்களில்தான் முதலில் கொட்டில் போட்டது. காடு அப்போது யாருக்கும் 'சூழல்' அல்ல, கூரை. போர் முடிந்த 2009க்குப் பின் திரும்பி வந்தவர்கள் கரைச்சிப் பிரதேச சபைக்கு 2011 ஜூலை 23, 2018 பெப்ரவரி 10, 2025 மே 6 என்று மூன்று தரம் வாக்களித்திருக்கிறார்கள். நான்காவது ஒன்று 2023 மார்ச் 9இல் நடந்திருக்க வேண்டும், பணமில்லை என்று நிறுத்தப்பட்டது. அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்ட் 22இல் தீர்ப்பளித்தது. இடைப்பட்ட இரண்டு வருடத்துக்கும் மேலான காலம் நாட்டின் சபைகளைச் செயலாளர்களே நடத்தினார்கள். மக்கள் பிரதிநிதி இல்லாவிட்டாலும் குப்பை சேர்வது நிற்கவில்லை.

வன்னியில் உள்ளூராட்சித் தேர்தல் மேடைகளில் சூழலைப் பற்றிய பேச்சு குறைவென்று சொல்ல முடியாது. குளத்தைத் தூர்வாருவோம், மணல் அகழ்வை நிறுத்துவோம், காடழிப்பைத் தடுப்போம், யானைக்கு வேலி போடுவோம். கேட்க நன்றாக இருக்கும். இவற்றில் அனேகமாக ஒன்றும் பிரதேச சபையின் கையில் இல்லை என்பதுதான் தொல்லை. இரணைமடு, அக்கராயன் முதலான பெரிய குளங்கள் நீர்ப்பாசனத் திணைக்களத்துடையவை. சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வருகின்றன. மணல், கிரவல் அனுமதிப்பத்திரம் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தினுடையது. காடு வனவளத் திணைக்களத்துக்கு, யானை வனசீவராசிகள் திணைக்களத்துக்கு. ஆற்றங்கரையில் இரவில் மணல் ரிப்பர் ஓடினால் தவிசாளர் செய்யக்கூடியது பொலிஸுக்குத் தொலைபேசி எடுப்பது, ஒரு கண்டனத் தீர்மானம் போடுவது. தன் கையில் இல்லாததைத் தருவதாகச் சொல்லி வாக்கு வாங்குவது பொய் சொல்வதிலும் மோசமானது. பொய் அம்பலமானால் சொன்னவரின் பெயர் கெடும். இங்கே சூழல் என்ற விடயத்தின் மேலேயே சனத்துக்கு நம்பிக்கை போய்விடுகிறது.

நம்பிக்கை போவதற்கு வன்னியில் வேறு காரணமும் உண்டு. போருக்காக விட்டுப்போன வயலில் பத்து, பதினைந்து வருடத்தில் பற்றை மூடி மரம் வளர்ந்தது. திரும்பி வந்தவன் தன் காணிக்குள் வனவளத் திணைக்களத்தின் எல்லைக்கல்லைப் பார்த்தான். 1985ஆம் ஆண்டு வரைபடத்துக்குத் திரும்புவோம் என்று அரசாங்கமே பின்னர் பேச வேண்டி வந்தது. 2025 தேர்தல் பிரசாரம் நடந்துகொண்டிருந்தபோதே, மார்ச் 28ஆம் திகதி, வடக்கில் 5,900 ஏக்கருக்கும் மேற்பட்ட காணிக்கு உரிமை கோருபவர்கள் மூன்று மாதத்துக்குள் நிரூபிக்க வேண்டும் என்று வர்த்தமானி ஒன்று வந்தது. எதிர்ப்பும் வழக்கும் வந்து அது மீளப்பெறப்பட்டது. வேறு ஊர்களில் பசுமை என்பது விருப்பம். இங்கே அதைக் கேட்டதும் ஆள் முதலில் தன் காணி உறுதியைத் தேடுகிறான். ஸ்கந்தபுரத்துக் கமக்காரனிடம் மரத்துக்கும் உரிமை உண்டு என்று சொல்லப் போகிறவர், அந்த மரத்தின் பெயரால் அவனுடைய உரிமை பறிபோன கதையை முதலில் கேட்க வேண்டும்.

ஆனாலும் மரத்துக்கு எதிரான ஊர் இல்லை இது. வன்னியில் குளக்கட்டிலோ அருகிலோ ஐயனாரோ பிள்ளையாரோ அம்மனோ இல்லாத குளத்தைக் காண்பது அரிது. இரணைமடுவுக்குக் கனகாம்பிகை. வற்றாப்பளைக் கண்ணகைக்கு முல்லைத்தீவுக் கடலிலிருந்து உப்புநீர் எடுத்து வந்து விளக்கெரிக்கிறார்கள். புதூரிலும் புளியம்பொக்கணையிலும் நாகதம்பிரானுக்குப் பொங்கல். பாம்பும் கடலும் குளமும் வணக்கத்துக்குள் வந்த நிலம் இது. அந்த வணக்கத்தோடு வேலையும் சேர்ந்தே இருந்தது. வயற்பங்கு உள்ளவன் போகம் தொடங்குமுன் வாய்க்காலில் தன் பங்கைத் துப்புரவாக்க வேண்டும். தண்ணீர் குறைவென்றால் சிறுபோகத்தில் எத்தனை ஏக்கர் விதைப்பது என்று கூட்டத்தில் முடிவெடுப்பார்கள். குளத்தின் நீர்மட்டம் சொல்வதற்கு மேல் யாரும் கேட்க முடியாது. குளத்துக்கு வாக்கில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் அதன் சொல்தான் முதற்சொல். ஒரு பிரதேச சபையின் வரவுசெலவுக் கூட்டத்தில் அப்படி எந்தச் சொல்லும் கேட்பதாகத் தெரியவில்லை.

சைவ சித்தாந்தம் இந்தக் கேள்விக்கு என்ன சொல்லும்? நேரடியாகப் பதில் கிடைக்காது. பதின்மூன்றாம் நூற்றாண்டு மெய்கண்டார் பிரதேச சபையை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார். ஆனால் அந்த மரபு வகுத்துத் தந்த தனு, கரணம், புவனம், போகம் என்ற நான்கும் இங்கே நேராகவே பொருந்தும். உடல், அகக்கருவிகள், உலகம், நுகர்ச்சி. உயிர் தன் வினையைக் கழித்து, ஆணவ இருள் மெல்ல அகன்று பக்குவப்படுவதற்காக இறைவன் மாயையிலிருந்து ஆக்கிக் கொடுத்தவை இவை. உலகம் ஒருவனுடைய சொத்தும் அல்ல, வெறும் பொய்த்தோற்றமும் அல்ல. உள்ளபொருளாக, ஒரு நோக்கத்துக்காகத் தரப்பட்ட இடம். யாருக்குத் தரப்பட்டது என்பதில்தான் விடயம் இருக்கிறது. உயிர்கள் எண்ணில்லாதவை என்கிறது சித்தாந்தம். மயிலுக்கும் அதன் தனு உண்டு, அதன் புவனம் உண்டு. குளத்தை நஞ்சாக்குகிறவன் இன்னோர் உயிரின் வழியிலும் குழி வெட்டுகிறான்.

இதை வைத்து எல்லா உயிரும் சமம் என்று உடனே முடிவு கட்டிவிடவும் முடியாது. அதே மரபு மனிதப் பிறவியை அரியது என்று வேறாக வைக்கிறது. ஆராய்ந்து அறியவும், வேண்டாததை விடவும் முடிந்த பிறவி என்பதால் அதற்கு அந்த இடம். ஆகவே மயிலும் கமக்காரனும் மோதினால் சித்தாந்தி கமக்காரனைப் பட்டினி கிடக்கச் சொல்லமாட்டார். ஆனால் மோதல் ஏன் வந்தது, அதைத் தவிர்த்திருக்க முடியாதா என்று கேட்கும் கடமை மயிலுக்கு இல்லை, மனிதனுக்கு உண்டு என்பார். உயர்வு இங்கே சலுகை அல்ல, கூடுதல் பொறுப்பு.

பௌத்தத்தின் பதில் சற்று வேறு. மிகிந்தலையில் மான் வேட்டைக்குப் போன தேவநம்பியதீசனிடம் மகிந்த தேரர் சொன்னதாக வழங்கும் அறிவுரை இலங்கையில் எல்லோரும் அறிந்தது. பறவைக்கும் விலங்குக்கும் இந்த நிலத்தில் அரசனுக்குள்ள அளவு உரிமை உண்டு, அரசன் நிலத்தின் காவலன் மட்டுமே என்பது அதன் சாரம். இது பக்திக் கதையாக நின்றுவிடவில்லை. எப்பாவல பொஸ்பேற்று வழக்கில் இலங்கை உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டு இதை எடுத்தாண்டது. இயற்கை வளத்துக்கு அரசு உரிமையாளன் அல்ல, மக்களுக்காகப் பொறுப்பில் வைத்திருப்பவன் என்ற நிலைக்கு அது துணை நின்றது. அதற்கு முன்பே, 1997 செப்டெம்பர் 25இல், ஹங்கேரி, ஸ்லோவாக்கியா நாடுகளுக்கிடையிலான டான்யூப் அணை வழக்கில் சர்வதேச நீதிமன்றத்தின் உப தலைவராக இருந்த சி. ஜி. வீரமந்திரி தன் தனிக்கருத்தில் இலங்கையின் குளங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்.

வீரமந்திரி அதில் சொன்ன ஒரு விபரம் ஸ்கந்தபுரத்து மயில் விவகாரத்துக்கு நேராக வந்து நிற்கிறது. பழைய நீர்ப்பாசன முறையில் வயலுக்குப் பாய்ச்சாத குளங்களும் இருந்தன. ஊருக்கு மேலே காட்டுக்குள் வெட்டப்பட்டவை, காட்டு விலங்குகள் நீர் குடிப்பதற்காகவே. வாக்கில்லாதவற்றுக்கு மண் வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள். கருணை என்றும் இதைச் சொல்லலாம், கெட்டிக்காரத்தனம் என்றும் சொல்லலாம். காட்டுக்குள் தண்ணீர் கிடைத்தால் விலங்கு ஏன் ஊருக்கு வரப்போகிறது? அறமும் நன்மையும் ஒரே மண்வெட்டியில் வந்த காலம் அது. இன்று குளத்தின் அலைகரை வரை உழுது விதைத்துவிட்டு, மயில் எத்தனை என்று படிவம் நிரப்புகிறோம்.

மகிந்தர் கதையைக் கேட்கும் வன்னித் தமிழருக்கு இலேசான கசப்பும் வரும். அதே மரபின் பெயரால் குருந்தூர்மலையிலும் வெடுக்குநாறியிலும் தொல்லியல் எல்லைகள் எப்படி நகர்ந்தன என்பதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். புனிதம் என்ற சொல்லுக்கு வேலி போடும் குணமும் உண்டு. இது ஒரு சமயத்துக்கு மட்டும் உரிய குறை அல்ல. அலைகரையை மறித்துக் கோயில் மதில் எழுப்பினாலும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். சாமி காரியம்.

புனிதம் மண்ணைக் காத்த இடமும் உண்டு. ஒடிசாவின் நியம்கிரி மலையில் பொக்சைட் வெட்ட வேதாந்தா நிறுவனம் முயன்றபோது, அது தங்கள் தெய்வமான நியமராஜாவின் இருப்பிடம் என்று டொங்கிரியா கோந்து மக்கள் எதிர்த்தார்கள். அவர்களுடைய சமய உரிமை பாதிக்கப்படுகிறதா என்பதைக் கிராம சபைகளே தீர்மானிக்கட்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 18இல் தீர்ப்பளித்தது. ஜூலையிலும் ஓகஸ்டிலும் பன்னிரண்டு கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. மலைக்கு வாக்கில்லை. மலையைக் கும்பிட்டவர்கள் வாக்கை அதற்குக் கொடுத்தார்கள்.

கவனிக்க வேண்டியது, அங்கே பக்தி மட்டும் வேலை செய்யவில்லை என்பதுதான். முடிவெடுக்கும் அதிகாரம் கிராம சபையிடம் வந்ததால்தான் பக்திக்குப் பல் முளைத்தது. கிளிநொச்சி மாவட்டத்திலேயே இதற்கு எதிர்முகம் இருக்கிறது. பூநகரிப் பக்கம் பொன்னாவெளியில் சீமெந்துக்காகச் சுண்ணக்கல் அகழும் திட்டத்தை ஊரவர்கள் 2023, 2024ஆம் ஆண்டுகளில் வீதியில் நின்று எதிர்த்தார்கள். கல்லை எடுத்தால் கடல்நீர் கிணற்றுக்கு வரும் என்பது அவர்கள் பயம். நியம்கிரிக்காரருக்குக் கிடைத்ததைப் போன்ற தீர்மானிக்கும் உரிமை அவர்களிடம் இல்லை. உடம்பைக் கொண்டுபோய் மறித்து நிற்பதுதான் மிச்சம்.

உள்ளூர்ச் சபை சிறிய அதிகாரத்தை வைத்துக்கொண்டு பெரிய இடத்தோடு மோதிய கதையும் உண்டு. தமிழ்நாட்டு எல்லையோரம், கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் பெருமாட்டி ஊராட்சி. பிளாச்சிமடையில் கொக்கோ கோலா நிறுவனம் 2000ஆம் ஆண்டு ஆலை திறந்தது. கிணறுகள் வற்றின, மிஞ்சிய நீரும் வாயில் வைக்க முடியாதபடி ஆனது. மயிலம்மா என்ற பழங்குடிப் பெண்ணின் தலைமையில் ஆலை வாசலில் மறியல் தொடர்ந்தது. 2003இல் ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி நிலத்தடி நீர் பொதுச் சொத்து என்றார். 2005இல் இரு நீதிபதிகள் கொண்ட ஆயம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. ஆனால் 2004 மார்ச்சில் நின்ற ஆலை பிறகு ஓடவில்லை. ஓர் ஊராட்சியின் கையில் இருந்தது வெறும் உரிமத் தாள்தான்.

அந்தத் தாள் கரைச்சியிடமும் இருக்கிறது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், குறைந்த மாசு தரும் சி பிரிவுத் தொழில்களுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் வழங்கும் அதிகாரத்தை மத்திய சுற்றாடல் அதிகார சபை உள்ளூராட்சி மன்றங்களுக்குக் கொடுத்திருக்கிறது. உலர்முறை நெல் ஆலை, செங்கற் சூளை, சிறிய மர ஆலை, வாகனத் திருத்துமிடம், எரிபொருள் நிரப்பு நிலையம் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. கராச்சில் கழிவு எண்ணெய் எங்கே போகிறது, சூளைக்கு விறகு எங்கிருந்து வருகிறது என்று கேட்கச் சபைக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் பொதுச் சுகாதாரத்தையும் வடிகாலையும் கிராம வீதிகளையும் அதன் பொறுப்பாக்குகிறது. சேர்த்தெடுத்த குப்பையைச் சபையின் சொத்து என்றே எழுதி வைத்திருக்கிறது. தேர்தல் மேடையில் இரணைமடுவையும் யானையையும் பேசியவர் தன் சொந்தச் சொத்தான குப்பையைப் பற்றிப் பேசினாரா என்று யாரும் கேட்பதில்லை.

கழிவு எண்ணெய் சின்ன விடயம் என்று நினைப்பவர்கள் யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தை நினைக்க வேண்டும். அங்கே மின் உற்பத்தி நிலையத்தின் எண்ணெய் கிணறுகளில் கலந்த விவகாரத்தில், 2019 ஏப்ரல் 4இல் உயர் நீதிமன்றம் அந்த நிலையத்தை நடத்திய நிறுவனத்தை 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்தச் சொன்னது. தீர்ப்பு வரும்வரை வருடக்கணக்கில் சனம் பவுசர் தண்ணீருக்குக் காத்திருந்தது. கிணற்று நீர் வாக்குச் சீட்டைக் காண்பதில்லை, நோயாளியின் சீட்டில்தான் தென்படும்.

குப்பையும் அப்படித்தான். வவுனியாவின் குப்பை பம்பைமடுவில் கொட்டப்பட்டது. பக்கத்துச் சாளம்பைக்குளத்தில் மீள்குடியேறிய முஸ்லிம் மக்கள் 2019இல் வண்டிகளை மறித்தார்கள். தங்கள் வீட்டு முற்றத்தைக் கூட்டிக் கோலம் போடுகிற நகரத்தின் அழுக்கு, வாக்குப் பலம் குறைந்த ஊரின் ஓரத்தில் போய்ச் சேர்ந்தது. இதை நிர்வாகக் குறைபாடு என்று எழுதிவிட்டுப் போகலாம். சைவம் பேசினாலும் இஸ்லாம் பேசினாலும் இது அயலானுக்குச் செய்த பாவம். மனிதனைப் பூமியின் பொறுப்பாளியாக வைத்ததாகக் குர்ஆன் மரபு சொல்கிறது. பூமியின் அழுகையையும் ஏழையின் அழுகையையும் சேர்த்துக் கேட்கச் சொல்லி பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல் ஒரு சுற்றுமடலே எழுதினார். 2017 ஏப்ரல் 14, சித்திரை வருடப் பிறப்பன்று, கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் புதைந்து போனார்கள். கைவிசேடம் கொடுக்கும் நாள் அது.

இனிக் கோயிலுக்குள் வருவோம். அங்கேதான் பேச்சுக்கும் வழக்கத்துக்கும் உள்ள இடைவெளி பளிச்சென்று தெரிகிறது. திருவிழா முடிந்த மறுநாள் காலை வீதியில் கிடக்கும் பொலித்தீன் பையும் தண்ணீர்ப் போத்தலும் ஐஸ்கிறீம் கோப்பையும் எந்தச் சித்தாந்தத்தின் வழிவந்தவை? 2017 செப்டெம்பர் 1 முதல் 20 மைக்ரோனும் அதற்குக் குறைந்ததுமான பொலித்தீனுக்கும் மதிய உணவுத் தாளுக்கும் தடை. 2023 ஒக்டோபர் முதல் பிளாஸ்டிக் மாலைக்கும் பிளாஸ்டிக் இடியப்பத் தட்டுக்கும் தடை. சாமிக்குப் பிளாஸ்டிக் மாலை சாத்தக்கூடாது என்பதை ஆகமம் தெரிந்தவர்கள் சொல்லும்வரை காத்திராமல் வர்த்தமானி சொல்லியிருக்கிறது! அன்னதானம் உயர்ந்த தர்மம். அதை எறிதட்டில் கொடுத்துத் தட்டைக் குளக்கரையில் போட்டால் தர்மத்தின் பாதி குளத்துக்குள் போய்விடுகிறது. வாழையிலையும் தாமரையிலையும் கிடைக்காத ஊர் அல்ல இது.

வடக்கில் நம்பிக்கை தரும் ஒரு முன்மாதிரியும் உண்டு. 2014இல் வடமாகாண விவசாய, சுற்றாடல் அமைச்சராக இருந்த பொ. ஐங்கரநேசன் கார்த்திகையை மரநடுகை மாதமாக அறிவிக்கச் செய்தார். போரில் இறந்தவர்களை நினைவுகூரத் தடைகள் இருந்த காலத்தில், நினைவின் மாதத்தில் கன்று நடுவது வெறும் பசுமைத் திட்டமாக இருக்கவில்லை. துக்கம் வைக்க ஓரிடம் கிடைத்தது. மேலிருந்து வரும் 'கிளீன் ஸ்ரீலங்கா' சுவரொட்டிகளைவிட இப்படி ஊரின் மனதைத் தொட்டு வரும் காரியத்துக்கு ஆயுள் கூட. ஆனால் கன்றை நடுவது ஒரு மாதத்து வேலை, தண்ணீர் ஊற்றுவது மூன்று கோடைகாலத்து வேலை. அந்த இரண்டாவது வேலைக்குப் பாடசாலையா, கோயிலா, சபையா பொறுப்பு என்று எழுதி வைக்காவிட்டால் மாடு முடித்துவிடும்.

பிறக்காத தலைமுறையைச் சபைக்குள் கொண்டுவர முடியுமா என்று கேட்டால், முடியும் என்று காட்டிய நாடு உண்டு. வேல்ஸில் 2015ஆம் ஆண்டு எதிர்காலத் தலைமுறைகளின் நலனுக்கென்றே ஒரு சட்டம் இயற்றினார்கள். அங்குள்ள உள்ளூராட்சி மன்றங்களும் அதற்குக் கட்டுப்பட்டவை. இன்று எடுக்கும் முடிவு நாளை பிறப்பவரை என்ன செய்யும் என்று கணக்குக் காட்ட வேண்டும், கேட்பதற்கு ஓர் ஆணையாளரும் இருக்கிறார். எந்தச் சமயத்தின் பெயரும் அதில் இல்லை. ஆனால் முன்னோருக்குத் தர்ப்பணம் செய்யும் சமூகத்துக்கு அதன் உள்ளர்த்தம் விளங்கக் கடினமில்லை. செத்தவருக்குக் கடன் உண்டு என்று நம்புகிறவர்களுக்கு, பிறக்கப்போகிறவருக்கும் கடன் உண்டு என்று நம்புவது ஓர் அடி தூரம்தான்.

மதமும் தத்துவமும் சொல்வது இவ்வளவு தெளிவாக இருக்க, தேர்தலில் ஏன் எடுபடுவதில்லை? ஊர் நினைக்கும் காரணம் வறுமை. பசித்தவனுக்கு மயிலா முக்கியம் என்பார்கள். அது பாதி உண்மைதான். கெட்ட தண்ணீரும் அழிந்த அலைகரையும் முதலில் அடிப்பது வசதி படைத்தவனை அல்ல. 2018 டிசம்பரில், இரணைமடுவின் புனரமைப்பு வேலைகள் முடிந்து திறப்புவிழா நடந்த சில நாட்களில், கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கின. வான்கதவு திறந்த நேரத்தைப் பற்றி விசாரணை நடந்தது. பாடசாலைகளில் போய்த் தங்கியவர்கள் பெரும்பாலும் தாழ்நிலத்துக் கொட்டில்காரர். மற்றப் பாதிக் காரணம் இதுவரை சொன்னதுதான்: சபையால் முடியாததை வாக்குறுதியாகவும், முடிந்ததை மௌனமாகவும் வைத்திருப்பது. கோயிலில் குளத்தை நினைப்பவனும் வாக்குச்சாவடியில் வடிகாலை மறப்பவனும் ஒரே ஆளாக இருப்பது.

ஸ்கந்தபுரத்தில் அடுத்த தரம் வாக்குக் கேட்டு வருகிறவரிடம் யானையையும் மணலையும் பற்றிக் கேட்கத் தேவையில்லை. குப்பை எங்கே கொட்டப்படும், யாருடைய ஊரோரம்? எத்தனை செங்கற் சூளைக்கும் கராச்சுக்கும் அனுமதிப்பத்திரம் உண்டு, கடைசியாக எப்போது போய்ப் பார்த்தீர்கள்? திருவிழாவுக்கு அனுமதி கொடுக்கும்போது பொலித்தீனைப் பற்றி ஒரு நிபந்தனை போடுவீர்களா, அதை உங்கள் சொந்தக் கோயிலிலும் போடுவீர்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்பவருக்கு வாக்குப் போடலாம்.

தேர்தல்வரை காத்திருக்கவும் வேண்டாம். 2025 ஜூனில் பதவியேற்ற சபைகளின் நான்கு வருட காலம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, பிரதேச சபையின் தகவல் அலுவலருக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் 14 வேலை நாட்களுக்குள் அவர் தன் முடிவைச் சொல்ல வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்க அவருக்கு உரிமை இல்லை.